வாகனம்: தெரியவில்லை

காலை ஐந்து நாற்பது.
சுங்கை ஆரா வளைவுக்குச் சற்று முன்னால்
பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கிய நிறுத்தப் பலகையோடு
நிற்கிறேன்.
ஒளிரும் மேலங்கி எனக்குச் சிறியது,
இழுத்துப் பூட்டினால் மூச்சு முட்டும்.

எதிர்ச் சாரியில் ரொஸ்னித்தா.
ஏழரைக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை.
அதற்குள்
ஐஸ்கிரீம் டப்பாவில் நீர்நாய் எச்சம் சேர்ப்பாள்.
செதிலும் நண்டோடும் மினுங்கும் அதை
நாள் எழுதி ஒட்டி
உறைபெட்டியில் கெம்போங் மீனுக்குப் பக்கத்தில் வைப்பாள்.
நோன்புப் பெருநாளன்று மாமியார்
சம்பால் என்று நினைத்துத் திறந்துவிட்டாராம்.

எச்சம் எதற்கென்றால்,
மாநகர் மன்றத்துக்கு எழுதிய கடிதத்துக்கு
ஒரு வரியில் பதில் வந்தது:
குறிப்பிட்ட இடத்தில் அப்படியொரு விலங்கு
பதிவில் இல்லை.

இல்லாததைக் காப்பாற்ற
மூன்று ஞாயிறு சேற்றில் இறங்கினோம்.
சாலைக்கு அடியில் போகும் குழாய் அடைத்துக் கிடந்தது.
"கீழே வழி இருந்தால் மேலே ஏன் ஏறப்போகுது?"
என்றான் பூன் ஹெங்.
ஏர்கோன் பழுதுபார்ப்பவன்,
இடுப்பளவு தண்ணீரில் முதலில் இறங்கியதும் அவன்தான்.
இழுக்க இழுக்க வந்தன:
கயிற்றால் கட்டிய மெத்தை,
பதினொரு ஹெல்மெட்,
யாரோ கரைத்தும் கரையாத பிள்ளையார்.
அவரைக் கழுவிச் சுவரோரம் உட்காரவைத்துவிட்டு
அடுத்ததை இழுத்தோம்.
தாமானில் பாதிப்பேர் வேடிக்கை பார்த்தார்கள்.
மீதிப்பேர் மைலோ கலக்கி வந்தார்கள்.
வேம்பரசி ஆசிரியை முழங்கால் சேற்றோடு கேட்டார்:
"நீர்நாய் என்கிற சொல்லுக்கு
எத்தனை வயசு தெரியுமா?"
எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது வேறு.

தைப்பூசத்துக்கு நான்கு நாள் முன்.
இரவு ஷிப்ட் முடிந்து
தொழிற்சாலைப் பேருந்தில் முப்பத்தொரு பேர்,
கண்ணாடியில் தலை முட்ட முட்டத் தூக்கம்.
மழை அப்போதுதான் விட்டிருந்தது.
விளக்கு வெளிச்சத்தில் ஈரமாய் ஒன்று,
அதன் பின்னால் ஒன்று, அதன் பின்னால்.
பிரேக்கை அழுத்தினேன்.
அழுத்தினேனா?
முன்சக்கரம் லேசாக ஏறி இறங்கியது.
வேகத்தடையில் பாதிகூட இல்லை.
ஒருத்தி கண்விழித்து
"வந்துட்டோமா அண்ணே?" என்றாள்.
"இன்னும் இல்லை" என்றேன்.
வண்டியை நிறுத்தவில்லை.

மறுநாள் தாமான் வாட்ஸ்அப்பில் படம்.
பெண், பால் கட்டியிருக்கிறது
என்று ரொஸ்னித்தா எழுதியிருந்தாள்.
கீழே இன்னொரு வரி:
விடியலில் யார் வர முடியும்?
என் கட்டைவிரல் பதில் அனுப்பிவிட்டது.
நான் பிறகுதான் படித்தேன்.

முதல் நடையை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டேன்.
சம்பளத்தில் கொஞ்சம் போனது.
கையெழுத்து நன்றாயிருக்கிறதென்று
பதிவேட்டையும் என்னிடமே தந்தார்கள்.
முதல் பக்கம், முதல் வரி:
எண்ணிக்கை ஒன்று. பெண். இறப்பு.
வாகனம்: தெரியவில்லை.
நல்ல கையெழுத்துதான்.

குழாய் திறந்து இருபத்திரண்டு நாள்
ஒன்றும் வரவில்லை.
ஓர் உடும்பு மட்டும் வந்து எட்டிப் பார்த்து,
வீடு பிடிக்காதவர் போலத் திரும்பிப் போனது.

இன்று பூன் ஹெங் கைவிளக்கை அணைத்தான்.
முதலில் வாடை வந்தது.
பிறகு கீச்சொலி,
ஈரத் தரையில் புதுச் செருப்பு உரசுவது மாதிரி.
குழாயின் வாய்க்குள் இருட்டு ஒருமுறை நெளிந்தது,
இன்னொரு முறை.
என் பாதத்துக்குக் கீழே, தாருக்குக் கீழே
அவை போகின்றன.
பலகையைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன்,
நிறுத்த வண்டி ஏதும் இல்லாமல்.

மறுகரையில் ரொஸ்னித்தா விரல் காட்டினாள்: ஐந்து.
இரண்டு இன்னும் சிறிசு.
"முன்னே ஆறு இருந்தது" என்றாள், சாலையைக் கடந்து வந்து.
ஆமாம் என்றேன்.

எல்லாரும் கோப்பிக் கடைப் பக்கம் நடந்தார்கள்.
முதல் பக்கத்தைத் திருப்பினேன்.
தெரியவில்லை என்பதை ஒரு கோட்டால் அடித்து,
பினாங்கு வண்டிகளுக்கெல்லாம் பொதுவான
அந்த முதல் எழுத்தை எழுதினேன்.
மீதி எழுத்துகளும் நான்கு எண்களும்
எனக்கு மனப்பாடம்.

"எழுதியாச்சா?" என்று கடையிலிருந்து கூப்பிட்டாள்.
கோப்பி ஆறுகிறதாம்.

"இன்னும் இல்லை."